கரும்புத் தோட்டத்தில் மனைப்பிரிவு வருகிறதா? தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணக் கிராமப்புறக் குடியிருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

டோங்காட், வெருலம், ஸ்டேங்கர், உம்சிண்டோ பக்கத்துக் கிராமச் சாலைகளில் போகும்போது கரும்புத் தோட்ட வேலியில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன எழுத்து, நிலத்தின் பதிவு எண், ஓர் ஆலோசகரின் மின்னஞ்சல், ஒரு கடைசி நாள். அந்தத் தோட்டத்தை மனைகளாகப் பிரிக்க விண்ணப்பம் போயிருக்கிறது என்று பொருள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் கோபத்தை எடைபோட்டு எந்தத் தீர்ப்பாயமும் முடிவெடுப்பதில்லை. எந்த நிலத்தில், எந்த இடத்தில், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு, எந்த மதகு தாங்காது என்று காட்டும் ஒரு பக்கக் கடிதம், முந்நூறு கையெழுத்துப் போட்ட மனுவைவிடக் கனமானது. அந்தக் கடிதத்தை எப்படித் தயாரிப்பது, எங்கே கொடுப்பது, பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதல் நாள்: பலகை

பலகையை அருகிலிருந்து எழுத்துத் தெரியும்படி ஒரு படம், தோட்டமும் சாலையும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். இது என்ன பலகை என்று அடுத்ததாகப் பாருங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு தனித்தனி நடைமுறைகள் நடக்கலாம்.

ஒன்று, நகராட்சியின் திட்டமிடல் அனுமதி. இதற்கு அடிப்படை இடம்சார் திட்டமிடல், நிலப் பயன்பாட்டு மேலாண்மைச் சட்டம் (2013-ஆம் ஆண்டின் 16-ஆம் சட்டம்). ஸ்ப்ளூமா என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்றொன்று, தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டமான நீமாவின் (1998-ஆம் ஆண்டின் 107-ஆம் சட்டம்) கீழ் மாகாணச் சுற்றுச்சூழல் துறை தரும் அனுமதி. சுற்றுச்சூழல் பலகை குறைந்தது 60 செ.மீ.க்கு 42 செ.மீ. இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றில் கொடுத்த ஆட்சேபனை தானாக மற்றொன்றுக்குப் போகாது. இரண்டிலும் தனித்தனியாக எழுத வேண்டும்.

நாள் கணக்கில் கவனமாக இருங்கள். நகராட்சி அறிவிப்புக்கு அந்தந்த நகராட்சியின் துணைச்சட்டம் காலம் குறிக்கும். பல இடங்களில் 30 நாள். பலகையில் அச்சான கடைசி நாளையே நம்புங்கள். சுற்றுச்சூழல் அறிக்கைக்குக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். அந்த விதிகளில் டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை உள்ள நாள்கள் கணக்கில் வராது. நகராட்சி அறிவிப்புக்கும் அதே சலுகை உண்டு என்று நினைத்து விடுமுறைக்குப் போய்விடாதீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பலகை வைத்தால் அந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள்.

ஆங்கிலத்தில் எழுத வராத பெரியவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. நகராட்சி எழுத்தில் கருத்துக் கேட்கும்போது, எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் வந்து சொன்னால் ஊழியர் எழுதித் தர வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் 32-ஆம் சட்டமான நகராட்சி முறைமைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. பக்கத்துத் தோட்ட வரிசை வீடுகளில் இருக்கும் சூலு குடும்பங்களுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். தண்ணீர் வற்றினால் முதலில் தவிப்பவர்கள் அவர்கள்தான்.

முதல் வாரம்: காகிதங்களைக் கையில் வாங்குவது

விண்ணப்பக் கோப்பை நகராட்சித் திட்டமிடல் பிரிவில் போய்ப் பார்க்கலாம். கேட்க வேண்டியவை: விண்ணப்பதாரரின் விளக்கக் குறிப்பு, மனை வரைபடம், உரிமைப் பத்திரம், மண் ஆய்வு, மழைநீர்த் திட்டம், போக்குவரத்து அறிக்கை, தண்ணீர்-கழிவுநீர்ச் சேவை அறிக்கை, மரபுரிமை அமைப்புக்குப் போன கடிதம், வேளாண் அமைச்சரின் ஒப்புதல். இவற்றில் எது கோப்பில் இல்லையோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாத காகிதமே பல நேரங்களில் முதல் ஆட்சேபனையாக நிற்கும்.

காட்ட மறுத்தால் தகவல் பெறும் சட்டத்தின் (2000-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம்) கீழ் மனுப் போடலாம். ஆனால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. உங்கள் கெடுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் மனுவை முதல் நாளே போடுங்கள். காகிதம் வராவிட்டாலும் கெடுவுக்குள் ஆட்சேபனையைக் கொடுத்து, ‘கேட்ட ஆவணங்கள் இன்னும் தரப்படவில்லை, கிடைத்ததும் கூடுதல் கருத்துத் தருவோம்’ என்று எழுதிவிடுங்கள்.

சுற்றுச்சூழல் பக்கத்தில், பலகையில் உள்ள மதிப்பீட்டு ஆலோசகருக்கு எழுதி ‘ஆர்வமுள்ள, பாதிக்கப்படும் தரப்பாக’ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு அதில் உள்ள தொழில், பணம், சொந்த நலன் எதுவானாலும் அதையும் சொல்ல வேண்டும். பதிவு செய்யாதவருக்கு அடுத்த அறிக்கை வராது. முடிவு வந்ததும் தெரியாது.

நான்கு அடிப்படைக் கேள்விகள்

எந்த இடத்தில் எந்த வளர்ச்சி என்று நகராட்சி வகுத்த திட்டமான இடம்சார் வளர்ச்சிக் கட்டமைப்பின் வரைபடத்தில் இந்த நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது? ஸ்ப்ளூமாவின் 22-ஆம் பிரிவுப்படி, விண்ணப்பத்தை முடிவு செய்யும் நகராட்சித் திட்டமிடல் தீர்ப்பாயம் இந்தக் கட்டமைப்புக்கு முரணாக முடிவெடுக்கக் கூடாது. அந்த இடத்துக்கே உரிய சூழ்நிலை நியாயப்படுத்தினால் மட்டுமே விலகலாம். எதெக்வினி (டர்பன் மாநகராட்சி) எல்லைக்குள் என்றால் நகர வளர்ச்சிக் கோட்டுக்கு வெளியே இருக்கிறதா, டிமாஸ் என்று சொல்லும் திறந்தவெளி அமைப்புக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். வெளியே இருந்தால் அந்தச் ‘சூழ்நிலை’ என்ன என்று விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். இது மிக வலுவான வாதம். இருந்தும் பல கடிதங்களில் இது வருவதே இல்லை.

வேளாண் நிலம் என்றால் வேளாண் நிலப் பிரிவினைச் சட்டப்படி (1970-ஆம் ஆண்டின் 70-ஆம் சட்டம்) வேளாண் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். இந்தச் சட்டம் இன்னும் பொருந்தும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2008-இல் வேரி ஹோல்டிங்ஸ் வழக்கில் சொன்னது. ஒப்புதலுக்கு முன்னால் அந்த நிலத்தின் ஒரு பகுதியை விற்பதும், விற்க விளம்பரம் செய்வதும் கூடாது. ‘மனை முன்பதிவு தொடங்கிவிட்டது’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் தேதியோடு சேமித்து வையுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி தேவையா? 1998 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேளாண்மைக்குப் பயன்பட்ட நிலத்தில், நகர எல்லைக்கு வெளியே 1 ஹெக்டேருக்கு மேல், நகர எல்லைக்குள் 5 ஹெக்டேருக்கு மேல் குடியிருப்பு வந்தால் அடிப்படை மதிப்பீடு வேண்டும். ‘இது வெறும் கரும்பு நிலம், இயற்கைத் தாவரம் ஏதும் இல்லை, அதனால் அனுமதி தேவையில்லை’ என்று சிலர் வாதிடுவார்கள். கரும்பு நிலத்தைத்தான் இந்தப் பிரிவே குறிவைக்கிறது. ஓடையின் 32 மீட்டருக்குள் கட்டினாலும், ஓடையில் 10 கன மீட்டருக்கு மேல் மண் கொட்டினாலோ எடுத்தாலோ தனித்தனிப் பிரிவுகள் உண்டு. திட்டத்தைக் கட்டம் கட்டமாக உடைத்து வரம்புக்குக் கீழே காட்ட முயன்றால், கட்டங்களைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்று சுட்டிக்காட்டுங்கள்.

வரைபடத்தில் 100 ஆண்டு வெள்ளக்கோடு, அதாவது சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டும் எல்லை, இருக்கிறதா? தேசியத் தண்ணீர்ச் சட்டத்தின் (1998-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டம்) 144-ஆம் பிரிவுப்படி அந்தக் கோடு இல்லாத வரைபடத்தில் குடியிருப்பு அமைக்க முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட் குடிநீர் ஆலையே சிதைந்து, மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பி மக்கள் இருந்தார்கள். அதற்கு முந்தைய மழைக்கணக்கில் போட்ட கோடா, பிந்தையதா என்று கேளுங்கள்.

தண்ணீர்

எண்ணோடு எழுதுங்கள். எடுத்துக்காட்டாக 12 ஹெக்டேரில் 60 மனை என்று வைப்போம். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 150 லிட்டர் என்றால் நாளுக்கு 36,000 லிட்டர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாளுக்கு 12 மணி நேரம் இறைத்தால் விநாடிக்கு 0.83 லிட்டர் இடைவிடாமல் வர வேண்டும். சேவை அறிக்கையில் கிணற்றின் ‘விளைச்சல்’ என்று ஓர் எண் இருக்கும். அது கிணறு தோண்டியவர் அன்றைக்குக் காற்றழுத்தத்தால் நீரை ஊதி வெளியேற்றிப் பார்த்துச் சொன்ன எண்ணா, 24 மணி நேரம் ஒரே வேகத்தில் இறைத்து, பிறகு நீர்மட்டம் மீள்வதையும் அளந்து வந்த எண்ணா என்று பாருங்கள். முன்னது வைத்து 60 குடும்பத்துக்கு உறுதி சொல்ல முடியாது.

அந்தச் சோதனை நடந்த மாதத்தையும் பாருங்கள். நம் கடற்கரைப் பக்கம் மழை கோடையில்தான். பிப்ரவரியில் அளந்தால் எந்தக் கிணறும் நன்றாகத்தான் தெரியும். ஆகஸ்டு, செப்டம்பரில் அளந்த எண் வேண்டும். சோதனையின்போது பக்கத்துக் கிணறுகளின் மட்டத்தையும் அளந்தார்களா என்பது அடுத்த கேள்வி. அளக்கவில்லை என்றால் நீங்களே தொடங்கலாம். நீளக் கயிற்றில் எடை கட்டி, மாதம் ஒருமுறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளந்து நோட்டில் எழுதுங்கள். கிணற்று வாயிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை மீட்டர் என்பது போதும். பத்து வீட்டு நோட்டு சேர்ந்தால் அது சாட்சி.

கழிவுநீர்

கிராமப்புற மனைப்பிரிவுகள் பெரும்பாலும் செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் என்றுதான் வரும். அதே 36,000 லிட்டரில் பெரும்பகுதி நாள்தோறும் மண்ணுக்குள் இறங்கும். 12 ஹெக்டேரில் சாலையும் திறந்தவெளியும் போக மனைக்கு 1,600 சதுர மீட்டர் அளவுதான் மிஞ்சும். அதில் வீடு, கார் நிறுத்துமிடம், கிணறு, டேங்க், உறிஞ்சு குழி எல்லாம் அடங்க வேண்டும். மண் உறிஞ்சாவிட்டால் கழிவு மேலே கசிந்து, சரிவில் கீழே இருப்பவர் முற்றத்துக்கு வரும்.

மண் உறிஞ்சும் வேகத்தை யாரும் பார்த்துவிடலாம். உங்கள் எல்லைக்குள், அதே சரிவில், முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் கையளவு அகலமான குழி தோண்டுங்கள். மண்வெட்டி பட்டு வழவழப்பான பக்கங்களைக் கத்தியால் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் களிமண் பூசினதுபோல் அடைத்துக்கொள்ளும். அடியில் 5 செ.மீ. சல்லி போடுங்கள். முழுக்க நீர் ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் சல்லிக்கு மேல் 15 செ.மீ. நீர் வைத்து அரை மணிக்கு ஒருமுறை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். 25 மி.மீ. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண் உறிஞ்சு குழிக்கு ஆகாது. மழைக்காலத்தில் செய்யுங்கள், வறண்ட ஜூலை மண் எல்லாவற்றையும் குடிக்கும். இது நிபுணர் அறிக்கைக்கு மாற்று ஆகாது. ஆனால் அவர்களின் மண் ஆய்வு எத்தனை குழியில், எந்த மாதத்தில் செய்யப்பட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை தரும்.

மழைநீர்

பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. வழிந்தோடும் விகிதத்தை (மண்ணுக்குள் இறங்காமல் ஓடும் மழையின் பங்கு) மழையின் வேகத்தால் (மணிக்கு மி.மீ.) பெருக்கி, பரப்பளவால் (ஹெக்டேர்) பெருக்கி, 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் என்று வரும். மணிக்கு 100 மி.மீ. மழையில், கரும்பு நிற்கும் 12 ஹெக்டேருக்கு விகிதம் 0.3 என்றால் 1 கன மீட்டர். அதே நிலத்தில் கூரை, தார்ச்சாலை, சிமெண்டு முற்றம் வந்து விகிதம் 0.55 ஆனால் 1.83 கன மீட்டர். சாலைக்கு அடியில் இருக்கும் பழைய மதகின் குழாய் அதே அளவில்தான் இருக்கும். அதன் விட்டத்தை அளந்து, ஒரு மழைநாளில் அதன் வாயில் நீர் எதுவரை ஏறுகிறது என்று படம் எடுத்து வைத்துக் கேளுங்கள்: ‘கட்டுமானத்துக்குப் பிந்தைய உச்ச ஓட்டம், முந்தையதைவிட அதிகமாகக் கூடாது என்று எந்தக் குளம், எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள்? அதை யார் தூர்வாருவார்?’ கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டங்கள் நிறைய.

கடற்கரையை ஒட்டிய, ‘பெரியா’ (Berea) எனப்படும் செம்மண் மேல்மூடி போனதும் மிக வேகமாக அரிக்கும். மொத்த நிலத்தையும் ஒரே மூச்சில் வழிக்கக் கூடாது, பகுதி பகுதியாகச் செய்து உடனே புல் போட வேண்டும் என்று நிபந்தனை கேளுங்கள்.

சாலை

வீட்டுக்கு உச்ச நேரத்தில் ஒரு பயணம் என்பது வழக்கமான கணக்கு. உச்ச நேரத்தில் 50 பயணத்துக்கு மேல் என்றால் முழுப் போக்குவரத்து ஆய்வு வேண்டும். 60 மனைக்கு அது கட்டாயம். 49 மனை என்று வந்தால் இரண்டாம் கட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாகாணச் சாலையில் வாசல் திறப்பதென்றால் மாகாணப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் தனி.

கல்லறை, சிறு கோயில், தோட்ட வீடுகள்

1860 நவம்பரில் மதராசிலிருந்து வந்த முதல் கப்பல் முதலே நம் முன்னோர் இந்தக் கரும்புத் தோட்டங்களில்தான் வாழ்ந்தார்கள், இறந்தார்கள். பல தோட்டங்களில் மாமர நிழலில் நான்கைந்து மண்மேடு, ஒரு தகரக் கூரை அம்மன் கோயில், ஒரு கொடிமரம் இன்னும் இருக்கின்றன. விண்ணப்பதாரரின் வரைபடத்தில் அவை பெரும்பாலும் வெற்றிடம். யாராவது எழுதினால்தான் வரைபடத்தில் ஏறும்.

தேசிய மரபுரிமை வளச் சட்டம் (1999-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டம்) சொல்வது: 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது (34-ஆம் பிரிவு), உள்ளாட்சி மயானத்துக்கு வெளியே உள்ள 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறையைத் தொடக் கூடாது (36-ஆம் பிரிவு), 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தின் தன்மையை மாற்றும் திட்டத்தைத் தொடக்கத்திலேயே மரபுரிமை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் (38-ஆம் பிரிவு). நம் மாகாணத்தில் அந்த அமைப்பு அமாஃபா.

செய்ய வேண்டியது: கரும்பு வெட்டி முடிந்ததும், நில உரிமையாளரிடம் கேட்டு, ஊரில் வயதானவர்களோடு போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கல்லறைக்கும் கைபேசியில் இடப்புள்ளி, அதில் யார் என்று தெரிந்தால் பெயர், சுமாரான ஆண்டு, சொன்னவர் பெயர். கோயிலுக்கு என்றால் திருவிழா அழைப்பிதழ், பழைய படம். இவற்றை ஆலோசகருக்கும் அமாஃபாவுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். சூலு குடும்பங்களின் கல்லறைகளையும் அதே பட்டியலில் சேருங்கள்.

தோட்டத்திலேயே குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களை நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்ற முடியாது. 1997-ஆம் ஆண்டின் 62-ஆம் சட்டம் அவர்களைக் காக்கிறது. வரைபடத்தில் அவர்கள் வீடு இருக்கும் இடத்தில் மனை எண் போட்டிருந்தால் அதைக் கடிதத்தில் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

எழுதக் கூடாதவை

‘எங்கள் சொத்து மதிப்பு குறையும்’ என்று எழுதாதீர்கள். சொத்து மதிப்பு பாதிக்கப்படும் என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பாயத்தின் கையைக் கட்ட முடியாது என்று ஸ்ப்ளூமாவின் 7-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த வரி உங்கள் நல்ல வாதங்களையும் சேர்த்துப் பலவீனமாக்கும்.

வரப்போகிறவர்கள் யார், எந்த வகை, எந்த வருமானம் என்று ஒரு சொல்கூட வேண்டாம். நிறவெறி ஆட்சியில் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் பெயரால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம் மக்களையே பிடுங்கி சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். அந்தக் காயம் உள்ள சமூகம் இன்னொருவரைப் பார்த்து ‘இங்கே வராதே’ என்று எழுதக் கூடாது. அதே 7-ஆம் பிரிவின் முதல் கோட்பாடும் இடம்சார் நீதிதான். நிலத்தைப் பற்றி எழுதுங்கள். வருபவர்களைப் பற்றி அல்ல. வீடு தேவைப்படுபவர்களுக்கும் வற்றாத கிணறும் வழியாத செப்டிக் டேங்கும் வேண்டும் என்பதே உங்கள் நிலைப்பாடாக இருக்கட்டும்.

கடிதம்

மேலே விண்ணப்ப எண், நிலத்தின் பதிவு எண், உங்கள் முகவரி, அந்த நிலத்திலிருந்து உங்கள் வீடு எத்தனை மீட்டர். பிறகு ஒவ்வொரு குறைக்கும் நான்கு வரி: அறிக்கையின் எந்தப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது, தளத்தில் இருப்பது என்ன, எந்தச் சட்டப் பிரிவு, நீங்கள் கேட்பது மறுப்பா நிபந்தனையா. கடைசியில் ‘விசாரணையில் நேரில் பேச விரும்புகிறோம்’ என்ற வாக்கியம். அது இல்லாவிட்டால் அழைப்பு வராமல் போகலாம்.

ஒரே கடிதத்தை நகலெடுத்து நூறு பேர் அனுப்பினால் ஒரே கருத்தாக எண்ணப்படும் வாய்ப்பு அதிகம். கிணறு பற்றி கிணறு வைத்திருப்பவர், மதகு பற்றி அதற்குக் கீழே இருப்பவர், கல்லறை பற்றி அந்தக் குடும்பம் எனப் பிரித்து எழுதுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒரு நகலை நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். சுற்றுச்சூழல் பக்கத்தில் இறுதி அறிக்கையின் கருத்து-பதில் அட்டவணையில் உங்கள் ஒவ்வொரு கேள்வியும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்பது பதில் அல்ல. அப்படி இருந்தால் உடனே திரும்ப எழுதுங்கள்.

விசாரணையும் முடிவும்

நகராட்சித் திட்டமிடல் தீர்ப்பாயத்தில் கவுன்சிலர்கள் உறுப்பினராக இருக்க முடியாது. அதனால் கவுன்சிலரைப் பார்த்துப் பேசினால் போதும் என்று நினைத்து விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள்: ஒரு பெரிய வரைபடம், மூன்று படங்கள், இரண்டு எண்கள்.

மறுப்புக் கிடைக்காது என்று தெரிந்தால் நிபந்தனைக்குப் போராடுங்கள். பல திட்டங்களில் ஊரைக் காப்பாற்றுவது நிபந்தனைதான். முதல் வீட்டுக்கு முன்பே மழைநீர்க் குளம், கல்லறையைச் சுற்றி வேலியும் பாதையும், பக்கத்துக் கிணறுகளை ஆண்டு முழுதும் கண்காணிப்பது, மதகைப் பெரிதாக்குவது. மனைப்பிரிவுக்குள் இருக்கும் உள்ளகச் சேவைகள் விண்ணப்பதாரரின் பொறுப்பு, வெளிச் சேவைகள் நகராட்சியின் பொறுப்பு என்று ஸ்ப்ளூமாவின் 49-ஆம் பிரிவு பிரிக்கிறது. மதகு எதில் வருகிறது என்பதை அங்கேயே எழுத்தில் வாங்குங்கள். விட்டால் இருவரும் கைவிரிப்பார்கள்.

முடிவு பிடிக்காவிட்டால், அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நகராட்சி மேலாளரிடம் ஸ்ப்ளூமாவின் 51-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு. சுற்றுச்சூழல் அனுமதிக்கு 20 நாள். இவற்றை முடித்த பிறகே நீதிமன்றச் சீராய்வு. வெளிவரம்பு 180 நாள் என்றாலும் நியாயமற்ற தாமதம் என்று அதற்கு முன்பே தள்ளிவிடலாம். அரசமைப்பு உரிமைக்காக அரசோடு வழக்காடித் தோற்றவர் மீது பொதுவாகச் செலவுத்தொகை சுமத்தக் கூடாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2009-இல் பயோவாட்ச் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அற்பமான வழக்குக்குக் கிடையாது.

அனுமதி வந்த பிறகு

நிபந்தனைக் கடிதத்தின் நகலை வாங்கி ஊரில் இரண்டு பேரிடம் வையுங்கள். காலம் குறிக்கப்படாத நிபந்தனைகளை 5 ஆண்டுக்குள் நிறைவேற்றாவிட்டால் அனுமதி காலாவதியாகும். எந்த மனையையும் தனிப் பத்திரமாகப் பதிவு செய்வதற்கு முன் எல்லா நிபந்தனையும் நிறைவேறிவிட்டது என்று நகராட்சி சான்று தர வேண்டும் என்கிறது ஸ்ப்ளூமாவின் 53-ஆம் பிரிவு. உங்கள் கையில் இருக்கும் கடைசிப் பிடி அதுதான். குளம் வெட்டப்படவில்லை, வேலி போடப்படவில்லை என்றால் படத்தோடும் தேதியோடும் அந்தச் சான்று கையெழுத்தாவதற்கு முன்பே திட்டமிடல் பிரிவுக்கு எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு பேசுவதற்கு ஒரு விண்ணப்பதாரர் இருக்க மாட்டார். அறுபது வீட்டுக்காரர்கள் இருப்பார்கள்.